கிரானடாவில் ஓர் ஈட்டிப் பலகை

மயில்கழுத்துப் பட்டு வாங்கியிருக்கிறீர்களா? கடைக்காரர் புடவையை உங்கள் முன் விரிப்பார். உடனே விலை சொல்ல மாட்டார். தலைப்பின் ஒரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக அசைப்பார். நீலமாக இருந்தது பச்சையாகும். பச்சையாக இருந்தது மறுபடியும் நீலமாகும். அந்த ஓர் அசைப்பிலேயே நம் மனம் புடவையின் பின்னால் போய்விடும். அப்புறம் விலை கேட்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம்!

ஒரு மரப் பலகை இதே வித்தையைச் செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். பார்த்த இடம் காஞ்சீபுரம் அல்ல. ஸ்பெயின் தேசத்தின் தெற்கே, பனி மலை அடிவாரத்தில் இருக்கும் கிரானடா நகரம்.

அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை எனக்கல்ல, என் பெண்ணுக்கு. எட்டு வயதில் அவளை வீணை கற்றுக்கொள்ள உட்கார வைத்தோம். பன்னிரண்டு வயதில், "எனக்குக் கிதார்தான் வேண்டும்" என்றாள். சினிமாப் பாட்டு வாசிக்கத்தான் ஆசைப்படுகிறாள் என்று நினைத்தோம். அவள் எடுத்துக்கொண்டதோ நைலான் தந்தி கட்டி, விரல் நகத்தால் மீட்டுகிற ஸ்பானிஷ் கிதார். பத்து வருஷம் விடாமல் சாதகம் செய்தாள். வேலைக்குப் போனதும், கையால் செய்த கிதார் ஒன்றை அது பிறந்த ஊருக்கே போய் வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தாள். போதாததற்கு நான் என் சீட்டுப் பணத்தைப் போட்டேன். பணம் போட்டவள் கூடப் போகாமல் இருக்க முடியுமா? துணைக்குத் துணை, காவலுக்குக் காவல் என்று கிளம்பிவிட்டேன்.

மாதுளை நகரம்

மாட்ரிடிலிருந்து ரயிலில் மூன்று மணிக்குச் சற்று மேல் ஆகிறது. வழியெல்லாம் ஆலிவ் தோட்டங்கள். நம் பக்கத்தில் தென்னந்தோப்பு வருவது போல, வரிசை வரிசையாக மலைச் சரிவெல்லாம் ஆலிவ் மரங்கள்தான். அப்புறம் திடீரென்று வெள்ளை வெளேரென்று ஸியெரா நெவாடா மலைத் தொடர் தெரிகிறது. அதன் மிக உயர்ந்த சிகரம் 3,400 மீட்டருக்கு மேல். நம் தொட்டபெட்டாவைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தால் தோளுக்குக்கூட எட்டாது.

'கிரானடா' என்றால் ஸ்பானிஷ் பாஷையில் மாதுளம்பழம். நகரத்தின் சின்னமும் அதுவே. தெருப் பெயர்ப் பலகையில் மாதுளை, சாக்கடை மூடியில்கூட மாதுளை! ஊருக்கு மேலே குன்றின் தலையில் அல்ஹம்ப்ரா கோட்டை நிற்கிறது. 'சிவந்தது' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். முஸ்லிம் அரசர்கள் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் கட்டிய அரண்மனை அது. 1492-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி அவர்களுடைய கடைசி ராஜா கோட்டையைக் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்.

கோட்டையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கே தூதர்களை வரவேற்கும் மண்டபத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். கூரை முழுவதும் மரம். 8,000-க்கும் மேற்பட்ட மரத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, நட்சத்திரம் நிறைந்த வானம் போலச் செய்திருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். மரத்தை இழைத்து, கூட்டி, கோலம் போடும் புத்தி இந்த ஊருக்குப் பரம்பரைச் சொத்து என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கோட்டைக்கு ஏறிப் போகும் செங்குத்தான தெருவுக்குக் 'கோமெரெஸ் ஏற்றம்' என்று பெயர். உச்சியில் மூன்று கல் மாதுளைகள் வைத்த வாசல். தெருவில் எலும்பும் முத்துச் சிப்பியும் பதித்த மரப் பெட்டிகள் விற்கும் கடைகள். நடுவே கிதார் செய்கிறவர்களின் பட்டறைகள். நகரத்தின் மற்றச் சந்துகளிலும் இப்படிப் பல பட்டறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒருவர் அல்லது இருவர்தான் வேலை செய்வார்கள். கடைசலும் கிடையாது, கன்வேயரும் கிடையாது. இழைப்புளி, உளி, ரம்பம், அடுப்பில் ஒரு வஜ்ஜிரப் பானை. நம் ஊர் ஆசாரி வந்தால் பாஷை தெரியாமலே வேலையைத் தொடங்கிவிடலாம்!

ஆண்ட்ரெஸ் ஸெகோவியா என்ற மாமேதையின் பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். மதுக்கடையிலும் தெரு முனையிலும் வாசித்த கிதாரை உலகத்தின் பெரிய சங்கீத மண்டபங்களுக்கு ஏற்றியவர் அவர். அவர் பையனாக வளர்ந்ததும், 1909-ல் முதல் கச்சேரி செய்ததும் இந்த ஊரில்தான்.

பட்டறைக்குள்ளே

நாங்கள் போன பட்டறை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. எழுபது வயதுப் பெரியவர். கூட அவருடைய மருமகன். மருமகனுக்கு இங்கிலீஷ் தெரியும். பெரியவருக்குத் தெரியாது. ஆனால் கையைக் காட்டியே எல்லாம் சொல்லிவிட்டார்.

கிதாரின் முன் பலகைதான் உயிர் என்றார். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஸ்ப்ரூஸ் மரம். கனம் இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர். தோசையை விட மெல்லிசு! அதன் மேல் ஆறு தந்திகள் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுப்பு இழுக்கின்றன. பலகை வளைந்துவிடாமல் உள்ளே விசிறி மடிப்புப் போல மெல்லிய சட்டங்கள் ஒட்டியிருக்கிறார்கள். பெரியவர் ஒரு பலகையை இரண்டு விரலால் காதருகே தூக்கிப் பிடித்துச் சுண்டினார். 'ணங்' என்று மணி அடித்தது. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதுகுக்கும் விலாவுக்கும் வேறு மரம். ஃப்ளமெங்கோ ஆட்டத்துக்கு வாசிக்கிற கிதாருக்கு ஸ்பெயினிலேயே விளைகிற சைப்ரஸ். மற்றக் கிதார்களுக்குப் பெரும்பாலும் கருஞ்சிவப்பு ரோஸ்வுட். சிலவற்றுக்கு வெண்மையான மேப்பிள்.

அப்போதுதான் மருமகன் ஒரு மேப்பிள் கிதாரை எடுத்து, முதுகைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் லேசாக அசைத்தார். புடவைக் கடைக்காரர் செய்வாரே, அதே அசைப்பு!

என்ன சொல்வேன்! தேன் நிறத்து மரத்தில் குறுக்கே வரி வரியாகத் தீ நாக்குகள். அசைத்தால் வெளிச்ச வரி இருளாகிறது. இருள் வரி வெளிச்சமாகிறது. தண்ணீருக்கு அடியில் மணல் அலை தெரிவது போல இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். மேடு பள்ளம் ஒன்றுமில்லை. கண்ணாடி போல் வழவழ!

"சாயம் பூசியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு, ஓர் இழைக்காத பலகையைக் கொண்டுவந்து காட்டினார்.

பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அதனால்தான் நிறம் மாறுகிறது. மரத்தில் நிறம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் சில மரங்களில் நார் நேராக வளராமல், நீர் அலை போல நெளிந்து நெளிந்து வளர்கிறது. அந்தப் பலகையைச் சமமாக இழைக்கும்போது, நார் ஓரிடத்தில் படுத்துக் கிடக்கிறது; அடுத்த இடத்தில் முனையைக் காட்டுகிறது. படுத்த நார் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நிமிர்ந்த நார் விழுங்கிவிடுகிறது. பலகையை அசைத்தால் இரண்டும் இடம் மாறுகின்றன. இவ்வளவுதான் ரகசியம்.

இதில் எத்தனையோ ரகங்கள். தீ நாக்கு ஒன்று. பறவைக் கண் போலப் புள்ளி புள்ளியாக இருப்பது ஒன்று. பஞ்சு மெத்தை போல உப்பித் தெரிவது ஒன்று. ஸ்ப்ரூஸ் பலகையில்கூடச் சில சமயம் கரடி நகத்தால் கீறியது போலக் கோடுகள் வருமாம். எல்லாம் மரத்துக்கு மரம் வேறு. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றுக்கு இருக்கும், ஒன்றுக்கு இருக்காது.

அழகான மரம் செய்கிறவரைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. நேரான நார் இழைப்புளிக்கு வழி விடும். நெளிந்த நார் எதிர்த்து நிற்கும். கொஞ்சம் அசந்தால் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து வரும். விலாப் பலகையை நனைத்துச் சூடான இரும்பின் மேல் வளைக்கும்போது, அலை நெளிகிற இடத்தில் 'படக்'கென்று முறியும். அதனால் நாளும் அதிகம், சேதமும் அதிகம், விலையும் அதிகம்.

முதுகில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு ஏடு அறுத்து, புத்தகத்தைத் திறப்பது போல விரித்து, நடுவில் ஒட்டுகிறார்கள். இடது பக்கத்தில் உள்ள ரேகையெல்லாம் வலது பக்கத்திலும் கண்ணாடி பிம்பமாக வருகிறது. வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கை போல! கடைசியாக, அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணி உருண்டையால் நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

அம்மாவுக்கும் பெண்ணுக்கும் வழக்கு

பட்டறையில் தயாராக இருந்தவை இரண்டு. ஒன்று இந்தத் தீ நாக்கு மேப்பிள். மற்றொன்று ரோஸ்வுட், கருஞ்சிவப்பில் நேர் நேராகக் கறுப்பு ரேகைகள், அடக்கமானது. மேப்பிளுக்கு 800 யூரோ கூடுதல்.

"மேப்பிளையே எடுத்துக்கொள். 800-ஐ நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். என் மனம் அசைப்பிலேயே போய்விட்டதே!

"அம்மா, நீ பார்க்கிறாய். நான் கேட்கிறேன்" என்றாள் அவள்.

"நானும் கேட்டேன். மேப்பிள் எவ்வளவு கணீரென்று இருக்கிறது!"

"அப்படியானால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்."

உட்கார்ந்தேன். டாரெகா என்ற பெரியவர் அல்ஹம்ப்ராவின் நினைவாக இயற்றிய சங்கீதம் ஒன்று உண்டு. ஒரே ஸ்வரத்தை விரல்கள் மாறி மாறி மீட்ட, நீரூற்று தெளிப்பது போல இருக்கும். அதன் தொடக்கத்தை ஒரு கிதாரில் வாசித்தாள். பிறகு மற்றதில் வாசித்தாள்.

"முதலில் வாசித்தாயே, அதுதான் மேப்பிள். சந்தேகமே இல்லை" என்றேன்.

யாரும் பேசவில்லை. திரும்பிப் பார்த்தேன். முதலில் வாசித்தது ரோஸ்வுட்! இன்னொரு தடவை என்றேன். இரண்டாம் தடவையும் தப்பு. மருமகனும் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்று சரி, ஒன்று தப்பு. பெரியவர் மட்டும் பரீட்சைக்கு வரவில்லை. "நான் செய்த கிதார்தான். ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகுதான் அபிப்பிராயம் சொல்வேன்" என்று கெட்டிக்காரத்தனமாக நழுவிவிட்டார்.

என் காதைப் பற்றி நீங்கள் மட்டமாக நினைக்க வேண்டாம். 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் சர்வகலாசாலைக்காரர்கள் இதையே செய்திருக்கிறார்கள். உலோகத் தந்திக் கிதார்கள் ஆறு. முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு மரம், மற்றதெல்லாம் ஒன்றே. 52 கிதார்க்காரர்களை மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டி வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மார்க்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

இதற்கு 150 வருஷத்துக்கு முன்பே ஒருவர் பந்தயம் கட்டினாற்போல் செய்து காட்டியிருக்கிறார். இன்றைய ஸ்பானிஷ் கிதாருக்கு உருவம் கொடுத்த அன்டோனியோ டோரஸ் என்பவர் அவர். 1862-ல் முன் பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்து, முதுகையும் விலாவையும் காகித அட்டையால் செய்தார். அந்தக் கிதார் பார்ஸலோனா சங்கீதக் காட்சிசாலையில் இருக்கிறது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். இரண்டே வருஷம் கழித்து, 1864-ல், அதே டோரஸ் அழகான மேப்பிளில் ஒரு கிதார் செய்தார். நான் சுவரைப் பார்த்துக் கேட்டேனே, அந்தச் சங்கீதத்தை இயற்றிய டாரெகா பல வருஷம் வாசித்தது அந்த மேப்பிளைத்தான்! நாதத்துக்கு அட்டை போதும் என்று காட்டியவரே ஏன் மறுபடியும் அழகான மரத்தைத் தேடினார்?

இந்தக் கேள்வியைப் பெரியவரிடம் கேட்டேன். அவர் மேப்பிள் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்போது முதுகு தெரிகிறதா?" என்றார். தெரியவில்லை. முதுகு அவர் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "கச்சேரிக்கு வருகிறவர்கள் ஒருவரும் இதைப் பார்ப்பதில்லை, அம்மா. இது வாசிக்கிறவளுக்கு மட்டும். மனம் சரியில்லாத நாளில் பெட்டியைத் திறக்கும்போது, 'வா, எடு' என்று கூப்பிட வேண்டும். எடுத்தால்தானே வாசிப்பாள்? வாசித்தால்தானே நாதம்?" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. என் கட்சிக்குப் பலம் வந்துவிட்டதாகவும் நினைத்தேன்.

வாசனை

வழக்கு தீராமல் நின்றபோது பெரியவர் வேலையைத் தொடர்ந்தார். ஒரு பலகையை மேஜையில் வைத்து இழைப்புளியை ஓட்டினார். ஊதா கலந்த கறுப்புச் சுருள்கள் தரையில் விழுந்தன. குப்பென்று ஒரு வாசனை, ரோஜாவும் வெல்லமும் கலந்தது போல.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்த வாசனை எனக்குத் தெரியும்!

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் என் அப்பிச்சியின் வீடு. எங்கள் பக்கத்தில் தாயாரைப் பெற்றவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வீட்டின் நடுவில் ஒரு பெரிய ஊஞ்சல். ஒரே பலகை, வைரம் பாய்ந்த ஈட்டி மரம். மத்தியானம் பெரியவர்கள் தூங்கும்போது நான் அதில் குப்புறப் படுத்துக்கொண்டு கறுப்பு ரேகைகளை விரலால் தொடர்ந்து போவேன். ஒரு ரேகை ஆறு. ஒரு ரேகை ரயில் பாதை. முடிச்சு இருந்த இடம் யானையின் கண். சித்தி கல்யாணத்துக்கு முன் ஆசாரி வந்து அந்தப் பலகையை இழைத்துப் புதுப்பித்தார். அன்று வீடு முழுக்க வந்த வாசனைதான் இது. அப்பிச்சி காலமான பின் பாகப் பிரிவினை வந்தது. பலகையை மூன்றாக அறுக்க முடியாது என்று யாரோ சொன்னார்கள். விற்றுப் பணத்தைப் பங்கிட்டார்கள். அம்மிச்சி மட்டும் அன்று சாப்பிடவில்லை.

"இந்த மரம் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

மருமகன் பலகைக் கட்டின் முனையில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். 'இந்தியா' என்று போட்டிருந்தது. அவர்கள் ரோஸ்வுட் என்பது நம் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோமே, அதே மரம்!

ஒரு காலத்தில் கிதாருக்கு உயர்ந்த மரம் பிரேஸில் நாட்டு ரோஸ்வுட்தான். சிலந்தி வலை போன்ற ரேகைக்குப் பெயர் போனது. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு வெட்டி, காட்டையே காலி செய்தார்கள். 1960-களின் கடைசியில் அது கிடைப்பது அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். 1992-ல் பிரேஸில் மரத்தின் சர்வதேச வியாபாரத்தைக் கிட்டத்தட்ட அடியோடு தடுத்துவிட்டார்கள். நம் மேற்கு மலைத் தொடரின் மரம் இப்படித்தான் கிரானடாவுக்கு வந்து சேர்ந்தது.

நம் மரத்துக்கும் அந்தக் கதி வரக் கூடாதல்லவா? தமிழ்நாட்டில் 1994-ல் தோதகத்தி மரங்களைக் காக்கவென்றே தனிச் சட்டம் வந்தது. 2017-ல் உலகத்து ரோஸ்வுட் இனம் முழுவதையுமே சர்வதேசக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019 கடைசியில் விலக்குக் கிடைத்தது. பிரேஸில் மரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அழகான ரேகை கண்ணை இழுப்பது மரத்துக்கு நல்லதல்ல. எந்த மரம் அதிகம் கூப்பிடுகிறதோ, அதைத்தான் கோடரி முதலில் தேடி வருகிறது.

"உனக்கு எது வேண்டும்?" என்று என் பெண்ணைக் கேட்டேன். இந்தத் தடவை நான் ஒன்றும் சிபாரிசு செய்யவில்லை.

"ரோஸ்வுட்டில் ரொம்ப மெதுவாகத் தொட்டால்கூடப் பதில் சொல்கிறது, அம்மா" என்றாள். பெரியவர் தலையை ஆட்டினார். அது முதுகு மரத்தின் பெருமை அல்ல. அந்த ஸ்ப்ரூஸ் முன் பலகை அமைந்த விதம் என்றார். அவருக்குத் தன் வேலையைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியவில்லை.

ஈட்டிக் கிதார் எங்களோடு கிளம்பியது. மிஞ்சிய 800 யூரோவை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை; நல்ல பெட்டிக்கும் விமானத்தில் அதற்கென்று தனி ஸீட்டுக்கும் சரியாகப் போய்விட்டது!

இப்போது அது எங்கள் கோயமுத்தூர் வீட்டில் இருக்கிறது. சாயங்காலம் அவள் வாசிக்கிறாள். முன் பக்கத்தைப் பார்த்து எல்லோரும் பேஷ் போடுகிறார்கள். மத்தியானம் அவள் ஆபீஸுக்குப் போயிருக்கும்போது சில நாள் நான் பெட்டியைத் திறந்து, கிதாரைத் திருப்பி, முதுகைப் பார்க்கிறேன். நடுவில் ஒட்டிய கோட்டுக்கு இரு பக்கமும் அந்த ஆறு ஓடுகிறது. அந்த ரயில் பாதை போகிறது. யானையின் கண் மட்டும் இல்லை. முடிச்சு விழுந்த பலகையைக் கிதாருக்கு எடுக்க மாட்டார்களாம்.

வாசிக்கத் தெரியாதவளுக்கு முதுகு போதாதா!